சுற்றுச்சுவர்ப் பணம் மலையேறிய கணக்கு: ஓடைக்கரை முனியப்பன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், தலைக்கட்டு வரி கொடுத்த எல்லாக் குடும்பத்தாருக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

எல்லோரும் கேட்கும் கேள்விக்கே முதலில் வருகிறோம். “சுற்றுச்சுவர் கட்டத்தானே பணம் வாங்கினீர்கள், சுவர் எங்கே?” சுவர் இல்லை. தெற்குப் பக்கம் கடைக்கால் மட்டும் எடுத்திருக்கிறது. தை மாதம் சுவர் இல்லாமலேதான் கும்பாபிஷேகம் நடந்தது, பந்தலுக்குள் ஆடு வந்ததும் உண்மை. வாங்கிய பணத்தில் பெரும்பகுதி ஓடையின் மேற்பகுதியில், மலைச்சரிவில் செலவாகியிருக்கிறது. அது ஏன், எப்படி, அதில் எது வீண் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

பழைய சுவர் விழுந்தது 2021 நவம்பரில். பாலாறும் தென்பெண்ணையும் ஒரே மாதத்தில் பெருக்கெடுத்தது அப்போதுதான். நம் ஓடை ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவில் இறங்கிப் பாம்பாற்றில் சேர்கிறது, பாம்பாறு தென்பெண்ணையில் சேர்கிறது. அன்று இரவு ஓடை கரையேறி முனியப்பன் இடுப்புவரை நின்றது. மண்குதிரைக்கு முன்கால் போயிற்று. சுவர் விழுந்தது அதோடு மூன்றாம் தடவை. முதலில் இருந்தது மண்சுவர், அடுத்தது கருங்கல், கடைசியாக ஹாலோ பிளாக். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கெட்டியாகத்தான் கட்டினோம்.

நான்காவது சுவருக்குக் கூடிய கூட்டத்தில் பெரும்பான்மையோர் சொன்னது, “சுவருக்கு முன்னால் ஓடையைத் தூர்வாருங்கள்.” குழுவிலும் பாதிப் பேர் அதே எண்ணத்தில்தான் இருந்தோம். பொக்லைன்காரரிடம் வாடகையும் பேசியாகிவிட்டது. அதை நிறுத்தியது இரண்டு பேர்.

ஒருவர் தரைப்பாலத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர். பல வருஷத்துக்கு முன்னால் நாமே கைக்காசு போட்டு ஓடையை ஆழப்படுத்தினோமே, அதை அவர்தான் ஞாபகப்படுத்தினார். முதல் மழைக்கு ஓடை பார்க்க அழகாக ஓடியது. இரண்டாவது மழைக்காலத்தில் தோண்டிய பள்ளம் முழுக்க மணலும் சேறும் வந்து மூடிக்கொண்டது. ஓடை மட்டும் பழைய நிலைக்கு வந்தது, கரை வரவில்லை. ஆழம் கூடியதால் கரையின் கால் அரித்து, அவருடைய கிணற்று மேடு சரிந்தது, தரைப்பாலத்தின் அடிக்கல் அந்தரத்தில் நின்றது. கீழூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, “உங்க ஊர் வெள்ளத்தை எங்க ஊருக்கு விரட்டிவிட்டீங்களா?” என்று கேட்டதும் அந்த வருஷம்தான். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பள்ளமும் நேருமாக ஆக்கிவிட்டால் தண்ணீர் சீக்கிரம் போகும், போகிற இடத்தில் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். போதாததற்கு, நம் எல்லை தாண்டி ஒரு பாறைத்திட்டு குறுக்கே கிடக்கிறது. அந்தத் திட்டு இருக்கும்வரை அதற்கு மேலே எவ்வளவு தோண்டினாலும் அது குட்டைதான், வெள்ளத்துக்கு வழி ஆகாது.

இன்னொருவர் நம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கரும்பலகை கொண்டுவரச் சொல்லி, கோயில் திண்ணையிலேயே கணக்குப் போட்டார். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். ஓடையில் 1 கிலோமீட்டர் நீளத்துக்கு, 4 மீட்டர் அகலத்தில், 1 மீட்டர் ஆழம் தோண்டினால் கூடுதலாகப் பிடிப்பது 40 லட்சம் லிட்டர். அதாவது பத்தே ஏக்கரில் விழுந்த மழை. “நமக்கு மேலே எத்தனை ஏக்கர் இருக்குது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். “ஓடை தண்ணியைப் பிடிச்சு வைக்கவா இருக்குது, கடத்தத்தானே?” என்று ஒரு தம்பி எழுந்தார். நியாயமான கேள்வி. கடத்துவதானால் கீழூர், பாறைத்திட்டு, தரைப்பாலம் மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பதில் அன்று யாரிடமும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏரி தூர்வாருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஏரி தண்ணீரைத் தேக்கும் பாத்திரம், அதில் சேர்ந்த வண்டலை அள்ளினால் அந்த அளவுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். வண்டல் வயலுக்கும் ஆகும். 2024-இல் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக வண்டல் எடுக்கலாம் என்று அரசு அறிவித்தபோது நம் ஊரில் டிராக்டர் வைத்திருந்த எல்லோரும் எடுத்தோம். ஓடையின் சங்கதி வேறு. அங்கே மண் வருவது மேலே இருந்து. அதை நிறுத்தாமல் அள்ளிக்கொண்டே இருப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை.

ஆகவே மண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, 2022 சித்திரையில் பதினோரு பேர் ஓடையோடு மேலே நடந்தோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பணி அன்றுதான் தொடங்கியது. முதலில் பார்த்தது நம்முடைய மானாவாரிக் காடுகளையே. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே உழுதிருக்கிறோம், ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். எங்கள் அப்பா காலத்து வரப்புகளை டிராக்டர் திரும்ப இடம் வேண்டுமென்று நாங்களே கரைத்திருக்கிறோம். அதற்கு மேலே மேய்ச்சல் புறம்போக்கு. ஆட்டுக்குளம்பு மிதித்து மிதித்துத் தரை களம் மாதிரி இறுகிக் கிடந்தது. புதுப்புல் வரட்டும் என்று பங்குனியில் வைத்த தீ, பிடிப்பாக இருந்த புதரையும் எரித்துவிட்டது. வாத்தியார் ஒரு செம்புத் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றினார், அது அப்படியே உருண்டு ஓடியது. பத்தடி தள்ளி, ஒரு புங்க மரத்தடிச் சருகில் இன்னொரு செம்பு ஊற்றினார், காணாமல் போனது. கூட வந்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார். யார்க்‌ஷயரில் பிக்கரிங் என்று ஒரு சிற்றூர், அங்கேயும் இதே கதை என்று தொலைபேசியில் சொன்னார். 2007-இல் பெரிய வெள்ளம். ஊருக்குள் தடுப்புச்சுவர் எழுப்பச் செலவு கட்டுப்படியாகவில்லை. மேற்பகுதி ஓடைகளில் மரக்கட்டைத் தடுப்புகள் போட்டு, மரம் நட்டு, வெள்ளத்தைத் தற்காலிகமாக நிறுத்த ஒரு மண்கரையும் கட்டினார்கள். 2015 டிசம்பர் மழையில் வெள்ளத்தின் உச்சம் 15 முதல் 20 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கேட்க உற்சாகமாக இருந்தது. ஆனால் அங்கே 36 மணி நேரத்தில் பெய்தது 5 செ.மீ. நம் ஐப்பசி அதை ஒரே சாயங்காலத்தில் கொட்டிவிடும். இந்த வித்தியாசத்தை அன்றே உங்களிடம் சொன்னோம், பின்னால் அது முக்கியமாகப் போகிறது.

வேலைகளுக்கு வருவோம். மலையடிவாரச் சரிவில் சமமட்டத்துக்கு நீர்க்குழிகள் வெட்டியது நூறு நாள் வேலையில், ஊராட்சி மூலம். 2024 கோடைக்கு அரசு அறிவித்த கூலி 319 ரூபாய், அது நம் கணக்கில் வராது. குழி ஒன்று 3 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். தனியாகப் பார்த்தால் 750 லிட்டர்தான், ஆனால் அது வரிசை வரிசையாக இருக்கிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டு வெட்டிவேர் வைத்தார்கள். இதில் பெண்கள் செய்த வேலைதான் அதிகம். மட்டம் பார்க்கத் தண்ணீர்க் குழாய் பிடித்ததும் அவர்களே.

பெரிய தகராறு குறுக்கு உழவில் வந்தது. சரிவுக்குக் குறுக்கே உழுதால் திருப்பம் அதிகம், டீசல் அதிகம் என்று டிராக்டர்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கூடுதல் வாடகையைத் திருப்பணி நிதியிலிருந்து இரண்டு கோடை உழவுக்குக் கொடுத்தோம். “சாமி காசில் டீசலா?” என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறோம், ஆமாம். இந்தத் திருப்பணியிலேயே உருப்படியான செலவு அதுதான் என்பது குழுவின் எண்ணம். மூன்றாவது வருஷம் நாங்கள் கொடுக்கவில்லை, பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே குறுக்கே உழுதார்கள்.

மலைமேல் இருக்கிற சிற்றூர்க்காரர்களிடம் போனபோது ஒரு பெரியவர், “வெள்ளம் உங்களுக்கு, வேலை எங்களுக்கா தம்பி?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பினோம். மறுபடி போனபோது, அவர்கள் சாமை விளைகிற காட்டில் கல்வரப்பு போடுவதற்கான முழுச்செலவும் நம்முடையது என்று பேசி முடிந்தது. மண் அங்கே நின்றால் அவர்களுக்கு லாபம், இங்கே வராமல் போனால் நமக்கு லாபம். ஆட்டுக்காரர்களோடு மட்டும் இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. மேய்ச்சல் நிலத்தை மூன்று பங்காக்கி வருஷம் ஒன்றை மூடுவது என்று ஏற்பாடு. மூடிய பங்கில் ராத்திரியில் ஆடு மேய்வது தெரிந்ததே, யார் ஆடு என்பதும் தெரிந்ததே.

ஓடையின் கிளைப்பள்ளங்களில் 22 இடத்தில் கல் தடுப்பு போட்டோம். முதல் மூன்றையும் ஒப்பந்தக்காரர் பேச்சைக் கேட்டு சிமெண்ட் வைத்துக் கட்டினோம். அது எங்கள் தவறு. தண்ணீர் தடுப்பை ஒன்றும் செய்யவில்லை, பக்கத்துக் கரையை அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விட்டது. பிறகு ஒரு வயதான கல்தச்சர்தான், “இடைவெளி விட்டு அடுக்குங்க, அது கசிஞ்சு போகட்டும், அவசரப்படாம போனா போதும்” என்று காட்டிக்கொடுத்தார். மீதி 19-ம் வெறுங்கல் அடுக்கு, இரண்டு முனையும் கரைக்குள் புதைத்தது, நடுவில் தாழ்த்தியது.

கடைசியாக, முனியப்பனின் மானியக் காடு. அது ஓடையின் உள்வளைவில் தாழ்ந்து கிடக்கிறது. முன்னோர் அதை ஏன் சாமிக்கு விட்டார்களோ, யாரும் பயிர் வைக்கத் துணியாத இடம் என்பதாலும் இருக்கலாம். அங்கே கரையை ஒரு பக்கம் இறக்கிவிட்டோம். ஓடை ஓர் அளவுக்கு மேல் ஏறினால் தண்ணீர் முதலில் அந்தக் காட்டுக்குள் பரவி நிற்கும், வெள்ளம் இறங்கும்போது மெல்ல வடியும். குத்தகைதாரருக்கு ஒரு போகம் கேழ்வரகு போனது. அந்த வருஷக் குத்தகையைத் தள்ளுபடி செய்தோம். அது போதாது என்பது அவர் கட்சி, அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

பலன் என்ன? தரைப்பாலத் தூணில் பெயிண்டால் அடிக்கோடு போட்டு, ஒவ்வொரு மழைக்கும் குறித்து வந்தோம். 2024 ஐப்பசியில் நல்ல மழைகள் இருந்தன. முன்பெல்லாம் அந்த மாதிரி மழைக்குப் பால்வண்டி நின்றுவிடும். அந்த மாதம் ஒரே ஒரு தடவைதான் தண்ணீர் பாலத்தின் மேல் வந்தது. வந்ததும் மழை விட்டுச் சில மணி நேரம் கழித்து, நிதானமாக. தண்ணீரின் நிறமும் செங்காவியிலிருந்து தேநீர் நிறத்துக்கு வந்திருக்கிறது.

அடுத்து ஃபெஞ்சல் புயல். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரு நாளில் ஊத்தங்கரையில் பதிவானது 50 செ.மீ. அங்கே நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதைக் கைப்பேசியில் எல்லோரும் பார்த்தோம். தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். நம் ஊரில் மழை அளக்க மாடியில் வைத்த பெயிண்ட் வாளி நிரம்பி வழிந்தது, அதனால் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அன்று குழி எல்லாம் நிறைந்து, மண்ணும் ஊறி, மேற்கொண்டு விழுந்த ஒவ்வொரு துளியும் நேராக ஓடைக்குத்தான் வந்தது. ஒன்பது கல் தடுப்புகளைக் காணோம். மானியக் காடு முழங்கால் ஆழ மணல். கோயிலுக்குள் தண்ணீர் வந்தது, முனியப்பன் முழங்கால் வரை. 2021-இல் இடுப்பு, இப்போது முழங்கால் என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். மழை பெய்த விதம் வேறு, காற்று வந்த திசை வேறு, அதை நம் வேலையின் கணக்கில் எழுதக் குழு தயாராக இல்லை. 50 செ.மீ. மழைக்கு நம் வேலை ஈடுகொடுக்காது. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வருகிற வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கும். மாசிக் கடைசி வரை ஓடையில் கசிவு இருந்தது, கோயில் கிணற்றில் இறைத்தே அபிஷேகம் செய்தோம்.

வரவு செலவு ரசீதுகளோடு மண்டபத்தில் ஒட்டியிருக்கிறது. இரண்டு இனங்களுக்கு ரசீது இல்லை: மலையூர்க்காரர்களுக்குப் பொங்கல் வைத்த செலவு, சிமெண்ட் தடுப்புகளை உடைத்து எடுத்த கூலி. ஒரு அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்த பேருந்துக் கட்டணத்தைக் குழுவினர் சொந்தமாகப் போட்டுக்கொண்டார்கள்.

போன ஒன்பது தடுப்புகளையும் ஆடிக்குள் திரும்ப அடுக்க வேண்டும். குழிகளில் சேர்ந்த மண்ணை அள்ள வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு நாள். மீதிப் பணத்தில் தெற்குச் சுவர் மட்டும் இடுப்பு உயரத்துக்கு எழும்பும், ஆடு வராத அளவுக்கு. ஓடைப்பக்கம் சுவர் வேண்டாம், தண்ணீர் வந்தால் வந்த வழியே போகட்டும் என்று பூசாரி சொல்கிறார். மானியக் காட்டில் கிடக்கிற மணல் கட்டு வேலைக்கு ஆகும் என்று கொத்தனார் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதைக் கோயில் வரை கொண்டுவர டிராக்டர் தரக்கூடியவர்கள் அமாவாசைக்குள் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும்.