தீபாவளிக்கு முந்தைய ராத்திரி, உமாவுக்கு

சென்னை
19 அக்டோபர் 2025

அன்புள்ள உமா,

உன் கோபம் நியாயம்தான். ஜூலையிலிருந்து நீ அனுப்பிய குரல் செய்திகள் ஆறும் அப்படியே கிடக்கின்றன. புது வீட்டுப் பால்காய்ப்புக்கும் நான் வரவில்லை. சின்னவன் எப்படி இருக்கிறான்? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் நலம். மாமியார் அதிரசம் சுட்டு அடுக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். தெருவில் இப்போதே வெடி ஆரம்பித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட் எழுதப் போகிறேன். ஐஐஎம்களில் எம்பிஏ சேர எழுதுவார்களே, அந்த நுழைவுத் தேர்வுதான். இந்த வருஷம் கோழிக்கோடு ஐஐஎம் நடத்துகிறது. நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. இன்னும் 42 நாள். சொல்லாமல் வைத்திருந்ததற்குத் திட்டாதே. பாதியில் விட்டுவிடுவேனோ என்று பயம்.

ஒன்பது வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. போன ஏப்ரலில் எங்கள் டீமுக்கு மேனேஜர் வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷமாக அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு மட்டும் எனக்கு. அன்று சாயங்காலம் சோழிங்கநல்லூர் சிக்னலில் பஸ் நின்றபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அடுத்த வாரம் புத்தகம் வாங்கினேன்.

காலை நாலரைக்கு எழுந்தால் ஆறரை வரை என் நேரம். அதற்கப்புறம் யாழினி எழுந்துவிடுவாள். ராத்திரி அமெரிக்கா கால் முடியப் பத்தரை ஆகும். அந்த நேரத்தில் படித்தது எதுவும் காலையில் நினைவில் நிற்பதில்லை, அதனால் ராத்திரிப் படிப்பை நிறுத்திவிட்டேன். பஸ்ஸில் போகிற ஒரு மணி நேரம் ஆங்கிலக் கட்டுரைக்கு. தமிழ் மீடியத்தில் படித்த நமக்கு ஆங்கிலப் பகுதிதான் கிலி. 24 கேள்வியில் 16 நீளமான பத்திகளை வாசித்துப் பதில் சொல்வது. ஒரு நாள் தத்துவம், மறுநாள் பவளப்பாறை. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே போய் மூச்சு முட்டியது. இப்போது ஒரு பாராவை முடித்ததும் தமிழில் ஒரே ஒரு வரி சொல்லிக்கொள்கிறேன்: "மேலே சொன்னதை இங்கே மறுக்கிறார்", "இது வெறும் உதாரணம்". அவ்வளவுதான். பிடிபட ஆரம்பித்துவிட்டது உமா. ஒரு கட்டுரை கையில் வசப்படும்போது வருகிற சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்ல!

ஆனால் கணக்கில்தான் அடி வாங்குகிறேன். நம்புவாயா? காரணம் நீயும் நம் கணக்கு டீச்சர் ஜெயமும்தான்.

பரீட்சை மொத்தம் இரண்டு மணி நேரம். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். மணி முடிந்தால் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்பி வர வழியில்லை. போன வருஷம் கணக்கில் 22 கேள்வி. சரியானால் 3 மார்க். கொடுத்த நாலு விடைகளில் தப்பானதைத் தொட்டால் 1 போய்விடும். இன்று மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு எழுதினேன். நிஜப் பரீட்சையிலும் எனக்கு அந்த ஸ்லாட் விழலாம், சாப்பாட்டு நேரத்தில் மூளை பழகட்டும் என்றுதான். அதில் ஒரு கணக்கு: 1/x + 1/y = 1/12, இரண்டும் மிகை முழு எண்கள், x y-ஐவிடப் பெரியதாக இருக்கக் கூடாது, எத்தனை ஜோடி? நான் 13-இலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 13-க்கு 156. 14-க்கு 84. 15-க்கு 60. போட்டுக்கொண்டே போய், ஏழு என்று தட்டினேன் (விடையை நாமே தட்டுகிற கேள்வி, தப்பானாலும் மார்க் குறையாது). 21-ம் 28-ம் விட்டுப்போயிற்று, விடை எட்டு. பதினோரு நிமிஷம்! 40-இல் பதினோரு நிமிஷம், பூஜ்யம் மார்க்குக்கு. பின்னால் மூன்று சுலபமான சதவீதக் கணக்குகள் இருந்தன, அவற்றைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நீயாக இருந்தால் (x−12)(y−12) = 144 என்று மாற்றி எழுதி, 144-க்கு 15 வகுத்திகள், அதனால் எட்டு ஜோடி என்று பென்சில் எடுக்காமல் சொல்லியிருப்பாய், செண்டம் உமா! ஆனால் அந்த வழி தோன்றாததற்கு நான் வருத்தப்படவில்லை. இரண்டு நிமிஷத்தில் தோன்றாவிட்டால் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அதுதான் எனக்கு வரவில்லை. "கை வைத்த கணக்கை முடிக்காமல் எழுந்திருக்காதே" என்று ஜெயம் டீச்சர் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்களே, அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆபீஸிலும் அதே பழக்கம்தான். ஒரு பிழையைத் திறந்தால் மூடாமல் வீட்டுக்குப் போனதில்லை.

டேட்டா, லாஜிக் பகுதி இன்னும் மோசம். அதில் ஐந்து செட், ஒவ்வொன்றும் ஒரே தகவலை வைத்துக் கேட்கிற நாலைந்து கேள்விகள். இரண்டை முழுசாகப் போட்டு மூன்றாவதில் கொஞ்சம் தேற்றுகிறவர்கள், ஐந்தையும் தொட்டுப் பார்க்கிறவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் ஐந்து நிமிஷம் எதையும் போடாமல் எல்லா செட்டையும் வாசித்து, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். போன மாதம் அப்படிச் செய்தபோது 71-இலிருந்து 88 பர்சன்டைலுக்கு வந்தேன் (நூறு பேரில் நமக்குக் கீழே எத்தனை பேர் என்பதுதான் பர்சன்டைல்). இன்று மறுபடி 79. போன வருஷம் 2.93 லட்சம் பேர் எழுதியிருக்கிறார்கள். 90 என்றாலே எனக்கு முன்னால் 29,000 பேர் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது.

சரி, இனி எழுதப்போவதை அவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. திருச்சி ஐஐஎம் கிடைத்தால் இரண்டு வருஷம் ஹாஸ்டல். செலவு 20 லட்சத்தைத் தாண்டும், கடன்தான். யாழினிக்கு நாலு வயது. "போய்ட்டு வா, நாங்க பாத்துக்கறோம்" என்கிறார் அவர். மாமியாரும் அதையே சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பூங்காவுக்குத் தூக்கிப் போவதே அவர்தான். ஆனால் இன்று மாக் முடிந்து கதவைத் திறந்தால், யாழினி வாசலிலேயே செருப்போடு தூங்கிப்போயிருந்தாள். "அம்மா பரீட்சை முடிஞ்சதும் கம்பி மத்தாப்பு" என்று சொல்லி உட்கார்ந்திருந்தாளாம்.

உமா, சின்னவன் பிறந்தபோது நீ எம்.ஃபிலை நிறுத்தினாய். "நல்லதுதான், குழந்தைதானே முக்கியம்" என்று நான் போனில் ரொம்பச் சுலபமாகச் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டாய். அந்த மௌனம் ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் என் காதில் விழுகிறது. அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

அதனால் உன்னிடம்தான் கேட்கிறேன். அன்று விட்டது சரி என்று உனக்கு இப்போதும் தோன்றுகிறதா? எனக்காக இனிப்பு தடவாமல் சொல். வடிவியல் நோட்டு உன் பரணில் இருந்தால் கூரியரில் போடு, வட்டங்கள் இருக்கிறதே அந்த நோட்டு. முடிந்தால் நவம்பர் 29 ராத்திரி ரயில் ஏறி வா. நான் ஹாலுக்குள் இருக்கும் நேரத்தில் யாழினியிடம் நீ இருந்தால் எனக்குத் தைரியம்.

உன்
சுகன்யா