பறவைக்கூட்டுப் பெரணி ஏன் அழுகுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களில் தொற்றி வளரும் பறவைக்கூட்டுப் பெரணியை இப்போது பலர் வரவேற்பறையில் வைக்கிறார்கள். பெரும்பாலும் அழுகிப்போகிறது. முதல் காரணம் மண். மரத்தில் ஒட்டி வாழும் செடி இது; வேருக்குக் காற்று வேண்டும், களிமண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு 3 பங்கு, அடுப்புக்கரி 1 பங்கு, மக்கிய இலை 1 பங்கு போதும். மட்டையை முன்கூட்டியே ஊறவைத்துச் சாயநீரைக் கொட்டிவிட வேண்டும்.

நடுக்குருத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காட்டில் மழை அங்கேதான் விழுகிறது, உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் காற்றோட்டம் குறைவு, தேங்கிய நீர் குருத்தை அழுகவைத்துவிடும். தொட்டியின் ஓரமாக ஊற்றி, தட்டில் வடிந்ததை உடனே கொட்டுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டே போதும்.

இலையடியில் வரிசையாகச் சாய்ந்திருக்கும் பழுப்புக் கோடுகளைப் பூச்சி என்று மருந்தடிப்பது வீண்வேலை. அவை பெரணி இனம்பெருக்கும் வித்துத்துகள்களின் திரள்கள். ஒழுங்கின்றிச் சிதறி, நகம் பட்டால் பெயரும் புடைப்புகள்தான் செதிற்பூச்சி.

இலை வெளுத்தால் வெயில் அதிகம். நுனி காய்ந்தால் ஏர்கோன் காற்றைச் சந்தேகிக்கலாம். உரம் மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் சொன்னதில் பாதி.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்