எர்த் கிளாம்ப் வேறு, எர்த் வயர் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெல்டிங் பட்டறைப் பாதுகாப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடி, கையுறை, புகை பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். மின்சாரம் பற்றிய பகுதிதான் உறுத்துகிறது. எர்த் ஒழுங்காக இருந்தால் ஷாக் அடிக்காது என்றும், ராடு (ஆர்க்கில் உருகும் வெல்டிங் கம்பி, எலக்ட்ரோடு) எப்போதும் பாசிட்டிவில்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே அரைகுறை. முதலாவதை நம்பி ஒருவர் வேர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றினால் ஆளே போய்விடலாம், அதனால்தான் இந்தக் கடிதம்.

வெல்டிங் மெஷினுக்குள் இரண்டு சர்க்யூட் இருக்கிறது. லைனிலிருந்து கரண்ட் எடுப்பது ஒன்று, வெல்டிங்குக்குக் கரண்ட் கொடுப்பது இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். கம்பி வழியாக நேரடித் தொடர்பு கிடையாது. வெல்டிங் கரண்ட் ஒரு முனையில் கிளம்பி ராட்டைப் பிடிக்கும் ஹோல்டர், ராடு, ஆர்க், ஜாப் (வெல்டு போடும் இரும்பு), கிளாம்ப் என்று சுற்றி மறு முனைக்கே வந்து சேர வேண்டும். அதற்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பட்டறையில் எல்லோரும் எர்த் கிளாம்ப் என்று சொல்வது இந்தத் திரும்பும் பாதையைத்தான், வேலை நடக்கும்போது 100, 150 ஆம்பியர் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். மெஷின் பாடியிலிருந்து போகும் பச்சை வயர்தான் உண்மையான எர்த். அதில் சாதாரணமாக எதுவும் ஓடக் கூடாது, உள்ளே ஃபேஸ் எங்காவது பாடியில் பட்டால் மட்டும்தான் அதற்கு வேலை.

இப்போது ஷாக்குக்கு வருவோம். ஒரு கை ஜாப்பில் இருக்கிறது, இன்னொரு கை ராட்டின் வெறும் முனையில் படுகிறது என்றால் பச்சை வயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காப்பாற்றாது. போர்டில் கரண்ட் கசிந்தால் சப்ளையை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டியிருக்கிறோமே என்பார்கள், அதுவும் டிரிப் ஆகாது, ஏனென்றால் அது பார்ப்பது லைன் பக்கத்தில் ஃபேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமா என்பதை மட்டும்தான். வெல்டிங் பக்கத்தில் உங்கள் உடம்பு வழியாகப் போகிற கரண்ட் அதற்கு வெறும் லோடுதான், லைன் பக்கத்தில் கணக்கு சரியாகவே இருக்கும். ஆர்க் எரியும்போது 20, 30 வோல்ட்தான், ஆனால் ஆர்க் இல்லாமல் மெஷின் சும்மா நிற்கும்போது பெரும்பாலும் 50 முதல் 90 வோல்ட் வரை இருக்கும். ராடு மாற்றுவது இந்த நேரத்தில்தான். ஐஇசி 60974-1 தரவிதியில் சாதாரண இடத்துக்கு ஏசி 80 வோல்ட் வரை விட்டிருக்கிறார்கள், ஈரமான இடம், டேங்குக்குள் போய்ச் சுற்றிலும் இரும்பு படுகிற இடம் என்றால் 48 வோல்ட்தான். ஆகவே இங்கே ஆளைக் காப்பது காய்ந்த தோல் கையுறை, உடையாத ஹோல்டர், காலுக்கடியில் காய்ந்த பலகை, முடிந்தால் சும்மா நிற்கும் வோல்டேஜைக் குறைத்து வைக்கும் விஆர்டி உள்ள மெஷின். எர்த் இந்த வரிசையிலேயே இல்லை.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் கிளாம்ப் பெயின்ட் அடித்த ஆங்கிளில் கடித்துக்கொண்டிருக்கிறது, வேலை நடப்பதோ ரொம்பத் தள்ளி வேறொரு இடத்தில். இதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. கரண்டுக்குத் திரும்பிப் போக வழி சரியில்லை என்றால் கிடைத்த வழியில் எல்லாம் பிரிந்து போகும். கிளாம்ப் கட்டடத் தூணில், ஜாப் கிரேன் செயினில் தொங்குகிறது என்றால் அந்தச் செயினும் வயர் ரோப்பும்தான் கேபிள். சுற்றுகிற ஷாஃப்ட் நடுவில் இருந்தால் பேரிங் பந்துகளில் சின்னச் சின்ன ஆர்க் அடித்துக் குழி விழும், சில நாள் கழித்துச் சத்தம் வரும்போது பேரிங் கம்பெனியைத் திட்டுவார்கள். இன்னும் மோசமானது, பக்கத்தில் இருக்கிற வேறு மெஷின்களின் பச்சை வயர் வழியாக அது திரும்புவது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 100 ஆம்பியரை எவ்வளவு நேரம் தாங்கும்? உள்ளுக்குள்ளேயே கருகி அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, மெஷின் எப்போதும் போல ஓடும். அதே மெஷினில் பிறகு என்றைக்காவது ஃபேஸ் பாடியில் பட்டால் தொட்ட ஆளுக்குத்தான் அடி விழும், வெல்டிங் செய்தவரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். கிளாம்ப்பை ஜாப்பிலேயே, வெல்டு போடும் இடத்துக்குப் பக்கத்தில், துருவும் பெயின்ட்டும் சுரண்டிய இடத்தில் போடச் சொல்லி அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சரி, பச்சை வயராவது நன்றாக இருக்கிறது, வெளியே மண்ணில் எர்த் ராடும் அடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த எர்த் ராட்டின் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்றால், 230 வோல்ட் ஃபேஸ் பாடியில் பட்டதும் மண்ணுக்குள் போவது அதிகபட்சம் 23 ஆம்பியர். கரண்ட் அளவுமீறினால் சப்ளையை அறுக்க வேண்டிய 32 ஆம்பியர் எம்சிபி அதை ஏதோ லோடு ஓடுகிறது என்று நினைத்துப் பேசாமல் இருக்கும், மெஷின் பாடியும் ஷாக் அடிக்கிற வோல்டேஜிலேயே நிற்கும். மண்ணுக்குள் விட்டுவிட்டால் கரண்ட் தீர்ந்துபோவதில்லை, அது கிளம்பிய டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் திரும்பிப் போகப் பார்க்கும், மண் அதற்கு ரொம்ப மோசமான பாதை. அதனால் பச்சை வயர் சப்ளை தரும் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் புள்ளிவரை உலோகப் பாதையாகப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் ஆர்சிசிபி கட்டாயம். லைன் பக்கத்தில் அது உயிர் காக்கும்.

பாலாரிட்டி, அதாவது ராடு பாசிட்டிவிலா நெகட்டிவிலா என்கிற விஷயம் இவ்வளவு ஆபத்தானதில்லை, வேலைதான் கெடும். ராடு பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, படித்தால் போதும். 6010 என்கிற வகை ராடு டிசியில் பாசிட்டிவுக்கு மட்டும்தான். 7018 பாசிட்டிவிலோ ஏசியிலோ போகும். 6013 எதிலும் ஓடும், மெல்லிய தகடு ஓட்டை விழுகிறது என்றால் நெகட்டிவில் மாற்றிப் பாருங்கள், ஊடுருவல் குறையும். உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியும் டிக் வெல்டிங்கில் கதையே தலைகீழ்: அங்கே வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாசிட்டிவ் பக்கத்தில் விழும், கட்டுரை சொல்கிறபடி டங்ஸ்டனை பாசிட்டிவில் மாட்டினால் முனை உருண்டு உருகிவிடும். அலுமினியத்துக்கு மேலே ஆக்சைடு உடைய வேண்டும் என்பதால் ஏசி. ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி வந்துகொண்டே இருக்கும் மிக் மெஷினில் கேஸோடு வெறும் கம்பி என்றால் கம்பி பாசிட்டிவ், கேஸ் வேண்டாத ஃபிளக்ஸ் கம்பி என்றால் பெரும்பாலும் நெகட்டிவ். கம்பியை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே லீடை மாற்றாமல் விட்டு, தெறிக்கிறது தெறிக்கிறது என்று கம்பியைக் குறை சொல்வார்கள்.

பழைய மெஷினில் குறி அழிந்திருந்தால் மல்டிமீட்டரை டிசியில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டுப் பாருங்கள், மைனஸ் காட்டினால் சிவப்பு புரோப் இருப்பது நெகட்டிவ் முனை. டிக் மெஷின் என்றால் முதலில் ஆர்க்கைத் தொடங்கி வைக்கும் ஹை ஃப்ரீக்வென்சியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மீட்டர் காலி.

பாலாரிட்டியிலும் உயிருக்கு ஆபத்தான ஒரு இடம் உண்டு, கட்டுரையில் அது வரவில்லை. ஒரே ஜாப்பில் இரண்டு பேர் இரண்டு டிசி மெஷின் வைத்து வேலை செய்யும்போது ஒருவர் ராடு பாசிட்டிவிலும் மற்றவர் நெகட்டிவிலும் இருந்தால், இரண்டு ஹோல்டருக்கும் நடுவில் இரண்டு மெஷினின் வோல்டேஜும் கூடிவிடும். தலைக்கு 80 என்றால் 160 வோல்ட். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இருவரும் ஒரே பாலாரிட்டியில் இருக்க வேண்டும், ஒருவர் ஹோல்டரை இன்னொருவர் கையில் வாங்கவும் கூடாது.

கட்டுரையை மறுபடி எங்காவது போடுவதாக இருந்தால் அந்த இரண்டு வரிகளைத் திருத்தி, படத்தையும் மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வெல்டிங் வேலை செய்யும் ஒரு வாசகர்