எழுந்து நிற்கச் சொல்லி ஒருமுறை பிரஷர் பாருங்கள், டாக்டர்

முதியவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 79. சர்க்கரை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிரஷர் கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. போன வருடம் அவருடைய சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 6.2 என்று வந்தது. பார்த்த டாக்டர், "சின்ன வயசுக்காரங்களுக்கே இப்படி வராதும்மா" என்று பாராட்டினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வாரம், விடியற்காலை நான்கு மணிக்கு, கழிப்பறை வாசலில் விழுந்து கிடந்தார். உடுத்தியிருந்த துணி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 52க்கு இறங்கியிருந்தது. எலும்பு எதுவும் முறியவில்லை, பிழைத்தோம்.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. எண் குறைந்தால் மகிழ்ச்சி, கூடினால் கவலை என்று நாங்களும்தான் இருந்தோம். ஆனால் இன்சுலினும், சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையும் எடுக்கும் 79 வயதுக்காரருக்கு 6.2 வந்தால், "ராத்திரி வியர்க்கிறதா? காலையில் எழுந்ததும் குழப்பமாக இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி வந்திருக்க வேண்டாமா?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அக்கார்ட் ஆய்வில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவரத் தீவிர சிகிச்சை பெற்ற பிரிவில் இறப்பு கூடியதால், 2008இல் அந்தப் பிரிவின் சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலும், பல நோய்களோடு வாழும் முதியவருக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது. மிகவும் தளர்ந்துபோனவருக்கு அந்த எண்ணையே நம்பியிருக்காமல், சுகர் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. ரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் எச்பிஏ1சியே தப்பாகக் காட்டலாம். இவ்வளவும் தெரிந்த உங்கள் அறையில், என் அம்மாவுக்கு 40 வயதுக்காரரின் இலக்கை வைத்தே மருந்து எழுதப்பட்டது.

வயதானவர்களுக்கு லோ சுகர் வரும்போது புத்தகத்தில் இருக்கிற மாதிரி வருவதில்லை. கை நடுங்கி, படபடவென்று வந்து, பசிக்கிறது என்று சொன்னால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். அம்மா சும்மா எரிந்து விழுந்தார். பேச்சு தடுமாறியது. 'வயசாச்சு, மறதி' என்று விட்டுவிட்டோம். பிரஷருக்காகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும் என்பதை விழுந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாத்திரை எழுதித் தரும் அன்றே இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். அப்புறம், சிறுநீரகம் தளரத் தளர அதே சர்க்கரை மாத்திரை உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். சாப்பாடு பாதியாகிவிட்டது, மாத்திரை மட்டும் பத்து வருடத்துக்கு முந்தைய அளவு. இந்தக் கணக்கை யார் பார்ப்பது?

இனி பிரஷர். அம்மா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உள்ளே வந்தார். உட்கார்ந்ததும் பட்டையைச் சுற்றியாகிவிட்டது. கை தொங்குகிறது, பேச்சும் நடக்கிறது. 164. ஒரு மாத்திரை கூடியது. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, கையை இதயத்தின் மட்டத்துக்கு வைத்து அளக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டுதலும் சொல்கிறது. கூட்டம் அதிகம், நேரமில்லை, புரிகிறது. ஆனால் இப்படி எடுத்த ஓர் அளவுக்காகப் புதிதாக ஒரு மாத்திரையை வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டியிருக்கிறது.

அதைவிட முக்கியமானது நிற்கவைத்து அளப்பது. இத்தனை வருடத்தில் யாரும் ஒருமுறைகூட அம்மாவை நிற்கவைத்துப் பார்த்ததில்லை. எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது நோய்க்குறி. நெடுநாள் சர்க்கரையில் நரம்புகள் கெட்டவர்களுக்கு, எழும்போது ரத்தக்குழாய்கள் சுருங்க மறந்துவிடுகின்றன. விழுந்த பிறகு வீட்டில் நானே பார்த்தேன்: உட்கார்ந்தால் 138, எழுந்தால் 108.

அதற்காகப் பிரஷரை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. 80 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஹைவெட் ஆய்வில் 150க்கு 80 என்ற இலக்கோடு சிகிச்சை கொடுத்ததில் இறப்பு 21 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் ஆளைச் சேர்க்கும் முன்பே நிற்கவைத்தும் அளந்தார்கள். நின்றபோது மேல் அளவு 140க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. ஆய்வின் பலன் எங்களுக்கும் வேண்டும் என்றால் அந்த அளவீடும் வேண்டும் அல்லவா?

மாத்திரைகள் ஒன்றையொன்று கூட்டி வருகிற கதையும் உண்டு. பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்தார்கள், கால் வீங்கியது. வேறொருவர் வீக்கத்தைப் பார்த்து நீர் பிரியும் மாத்திரை எழுதினார். ராத்திரி மூன்று தடவை எழ வேண்டியதாயிற்று. விழுந்தது அந்த மூன்றில் ஒன்றில்தான். மாத்திரையைக் கூட்டுவதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். எதை நிறுத்தலாம் என்று யோசிக்கவும் யாராவது வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தப் பையையும் மேஜையில் கொட்டச் சொல்லுங்கள், கொட்டுகிறோம்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. முட்டி வலிக்கு அம்மா தானாக வாங்கி விழுங்கும் மாத்திரையை நாங்கள் உங்களிடம் சொன்னதே இல்லை. அது பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று இப்போது தெரியும். கேட்டால் திட்டுவீர்கள் என்று பயம். நீங்களும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்கு முறை. உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று என்று இரண்டு வாரத்து அளவுகளை நோட்டில் எழுதிக் கொண்டுவருகிறேன், ராத்திரி சுகரும் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்த மடலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, இந்தத் தடவை ஏழரை வந்தால் டாக்டர் திட்டக் கூடாது, அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்