உன் வயிற்றுவலி கற்பனை இல்லை

அன்புள்ள மகளுக்கு,

எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் நார்மல். ஆனால் வலி மட்டும் நிற்கவில்லை, கேட்டால் எல்லாம் மனசுதான் என்கிறார்கள் என்று போனில் அழுதாய். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ரிப்போர்ட்டில் புண் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது, கண்ணு.

வலியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பிகள், அதாவது சில பொருள்கள் வந்து ஒட்டினால் வேலை செய்யும் செல்லின் பகுதிகள், குடலிலேயே இருக்கின்றன. கஞ்சாவில் உள்ள பொருள் போய் ஒட்டுகிற அதே கன்னாபினாய்டு ஏற்பிகள்தான்: சிபி1, சிபி2. நம் உடலே அவற்றுக்கு வேண்டியதைச் சுரக்கிறது. அப்படிப்பட்ட 2-ஏஜி என்ற பொருளை 1995-இல் நாயின் குடலிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள்.

இந்த ஏற்பிகளைச் சில நல்ல பாக்டீரியாவும் மாற்றலாம். எப்படி என்று கேட்பாய். 2007-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் என்ற நல்ல பாக்டீரியாவில் என்சிஎஃப்எம் என்ற ஒரு ரகத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலின் உள்பக்கச் செல்களில் சிபி2 ஏற்பி கூடியது, மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் ஒட்டுகிற ஓபியாய்டு ஏற்பியும் கூடியது. பிறகு பெருங்குடலின் கடைசிப் பகுதியில் சின்ன பலூனை வைத்து மெதுவாக ஊதினார்கள். பாக்டீரியா கொடுத்த எலிகள் மற்றவற்றைவிட அதிக அழுத்தத்தைத் தாங்கின. சிபி2-வை ஒரு மருந்தால் அடைத்ததும் அந்தத் தாங்கும் சக்தி போய்விட்டது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பாக்டீரியா அந்த ஏற்பி வழியாகத்தான் வலியைத் தணித்திருக்கிறது.

அதற்காக ஏற்பியைத் தூண்டினாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. சிபி1 விஷயம் வேறு. உடல் பருத்த எலிகளில் அதை அடைத்தபோதுதான் குடல் சுவரின் கசிவு குறைந்தது. 2010-இல் வந்த ஆய்வு அது. ஆகவே உன் தோழி சொன்ன கஞ்சா எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது குடலோடு நிற்காது, மூளைக்கும் போகும். நெடுநாள் கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு விடாத வாந்தியே வந்துவிடுகிறது.

நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரையிலும் அவசரப்படாதே. வயிற்றுவலி உள்ளவர்களிடம் இதே ரகத்தை வைத்துச் செய்த சிறிய சோதனையில் ஓபியாய்டு ஏற்பி கூடியது, சிபி2 கூடவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கு நடக்கவில்லை, பார். ரகத்துக்கு ரகம் வேலையும் வேறு. டப்பாவில் ரகத்தின் பெயர் இல்லையென்றால் வாங்காதே. அப்புறம், சாதாரண சளிக்கெல்லாம் நீயாக ஆன்டிபயாடிக் போடுவதை நிறுத்து. சளிக்குக் காரணமான வைரஸை அது ஒன்றும் செய்யாது, குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

வேறொரு குடல் மருத்துவரைப் பார். எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போ. நான் கூட வர வேண்டுமென்றால் சொல், வருகிறேன்.

அன்புடன்,
அம்மா