செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகக் குழுவினர், பெற்றோர் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசம் உள்ள நம் குழந்தைகளுள் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காகத் தாம்பரத்தில் ஞாயிறுதோறும் நடத்திய விளையாட்டுப் பயிற்சியே நிறைவடைந்த ஆண்டில் நமது முதன்மைப் பணி. முட்டுக்காட்டிலுள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்றிய அரசின் தேசிய நிறுவனத்துக்குப் பலர் சென்று வந்தாலும், வாரத்தின் மற்ற நாள்களில் வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்ததால், பயிற்சியாளர் அருகிலிருந்து வழிகாட்டப் பெற்றோரே குழந்தையுடன் தரையில் அமர்ந்து விளையாடும் முறையை ஏற்றோம்.

பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கும் குழந்தையிடமிருந்து அவற்றைப் பிடுங்கி வேறு விளையாட்டைத் திணிக்காமல், அடுத்த மூடியை எடுத்துக் கொடுத்து அந்த விளையாட்டிலேயே சேர்ந்துகொள்வதுதான் முதல் பாடமாக இருந்தது. ‘நண்டூருது நரியூருது’ என்று உள்ளங்கையிலிருந்து விரல்களை மேலே நடத்திச் சென்று, அக்குளை எட்டும் முன் நிறுத்திக் காத்திருக்கும்போது, குழந்தை நம் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதோ கையை இழுப்பதோ ‘இன்னும்’ என்று கேட்பதற்கு ஒப்பாகும். விளையாட்டையும் கூட விளையாடுபவரையும் மாறி மாறிக் கவனிக்கும் இத்திறனே பின்னர் பேச்சுக்கு அடித்தளமாகிறது. அந்தச் சில நொடிகள் பொறுத்திருப்பதுதான் பெற்றோருக்கு மிகக் கடினமாக இருந்தது, எனக்கும் அப்படியே. தொடுதலைத் தாங்க இயலாத குழந்தைகளுக்குச் சோப்புக் குமிழிக் குப்பியை இறுக மூடிக் கொடுத்து, திறக்கச் சொல்லி அவர்களே நம்மை நாடும்வரை காத்திருந்தோம். முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கவைக்கும் பழக்கத்தை அறவே கைவிட்டோம்.

விளையாட்டு ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று நாம் எவருக்கும் வாக்களிக்கவில்லை. ஆயினும், அழைத்தால் திரும்பாதிருந்த ஒரு சிறுவன் குமிழிக் குப்பியுடன் தன் பாட்டியைத் தேடி வந்ததை நாங்கள் கண்டோம். இத்தகைய மடி விளையாட்டுகளை அறிந்த பாட்டிமார்களே இவ்வாண்டு சிறந்த பயிற்சியாளர்களாக விளங்கினர் என்பது என் கருத்து. தந்தையரின் வருகை குறைவாகவே இருந்தது. அது மாற வேண்டும்.

ஊஞ்சல், தரைவிரிப்பு வாங்கிய செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. இருந்தும் நம் உறுப்பினர் ஒருவரின் மகளை ஒரு மழலையர் பள்ளி சேர்க்க மறுத்தது மிகுந்த வேதனை அளித்தது. பணிக்குச் செல்லும் தாய்மாருக்கு மாலை நேரப் பயிற்சி தொடங்கவும், அங்கன்வாடிப் பணியாளர்களைப் பயிற்சியைக் காண அழைக்கவும் பேரவை ஒப்புதல் அளிக்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்