மோட்டாரை நிறுத்தினால் மனு கொடுக்கலாம்

ஆசிரியருக்கு,

குடியிருப்பவர் வாடகை உயர்வுக்கு மறுத்தாலோ, பழுதுபார்க்கச் சொன்னாலோ வீட்டு உரிமையாளர் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்குவதும் சென்னையில் பல தெருக்களில் நடக்கிறது. இது சட்டவிரோதம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது; தண்ணீர், மின்சாரத்தோடு மாடிப்படி விளக்கு, லிஃப்ட், துப்புரவும் அதில் அடக்கம். இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே அவர் இணைப்பைத் திருப்பித் தர இடைக்கால உத்தரவு போடலாம். நிறுத்திய தேதி, நேரம், படம், வாட்ஸ்அப் செய்திகளைச் சேர்த்துக் கொடுங்கள்.

வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கோபத்தில் பலர் செய்யும் தவறு இது. பாக்கியே வெளியேற்றக் காரணமாகிவிடும். வங்கி வழியாக அனுப்பிச் சான்று வையுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது ஒப்பந்தத்தில்தான். 11 மாதம் என்று எழுதினால் பதிவு தேவையில்லை என்ற நம்பிக்கை சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு அந்த விலக்கு கிடையாது. பதிவு எண் இல்லாத ஒப்பந்தம் விசாரணையில் கைகொடுக்காது. இதை வார்டு அலுவலகங்களில் தமிழில் எழுதி ஒட்ட மாநகராட்சி முன்வர வேண்டும்.

– வாசகர், வேளச்சேரி, சென்னை